பல்லுக்கு ஒரு பொட்டு

எங்கள் கண் மருத்துவ வண்டியின் டிரைவர் தாவீது அண்ணாவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் நடந்தது எனக்குத்தான் தெரியும், அதனால் நான்தான் எழுதியாக வேண்டும்.

சின்னக் காஞ்சிபுரத்து அறக்கட்டளை ஒன்று 2002-இல் அந்த வண்டியை விட்டது. ஊர் ஊராகப் போய் வயசானவர்களுக்குக் கண் பார்க்கிற வேலை. பழைய பஸ்தான், ஆனால் அதன் ஒரு பக்கத்திலிருந்து ஒரு அறையே மேஜை டிராயர் மாதிரி வெளியே வரும். பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடும், அடியில் இரண்டு ஓரத்திலும் இருக்கிற, ரம்பம் மாதிரி பல் வெட்டிய இரும்புப் பல்சட்டங்கள் அறையைத் தள்ளும். டிராயர் ரூம் என்றுதான் சொல்லுவோம். அது வெளியே வந்தால்தான் டாக்டர் கிருஷ்ணஸ்வாமிக்கு உள்ளே உட்கார இடம். வாசலில் பேர் பதிந்து சீட்டு கொடுக்கிறவள் நான், ஏலவார்குழலி. வாய் நீளம் என்று எனக்குப் பேர்.

தாவீது அண்ணாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வண்டி நின்றதும் உள்ளே தரையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைப்பார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்தால் டயருக்கு அடியில் பலகை கொடுப்பார். பிறகு பழைய பல் பிரஷ்ஷால் பல்சட்டத்தைப் பல் பல்லாகத் தேய்ப்பார். கிரீஸ் வைக்க விடமாட்டார். "புழுதி ஒட்டிக்கினு மாவாட்டம் ஆயிடும்மா" என்பார். அறை வெளியே வந்ததும் என் சீட்டு ஒன்றை நாலாக மடித்து, நாலு மூலை இடுக்கிலும் நுழைத்துப் பார்ப்பார். ஒரு மூலையில் சிக்கினாலும் ஸ்பானரை எடுத்துவிடுவார். "தினம் ஒரு சீட்டு பாழ்" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டு மறுநாளும் கேட்பார்.

2004 ஆயுத பூஜை. பஸ்ஸுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு, வெளியே வந்திருந்த டிராயர் ரூமுக்கு அடியில் குனிந்தேன். அவர் ஓடி வந்தார்.

"ஏம்மா, எங்க வேணா வையி. பல்லுல மட்டும் வேணாம்மா."

நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "வேதக்காரன் எனக்குப் பூஜை சொல்லித் தர்றியா? தள்ளு!" என்றேன். அண்ணா என்கிற வார்த்தைகூட வரவில்லை. வேண்டுமென்றே ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு பொட்டு வைத்தேன், மேலே அட்சதையும் தூவினேன். அவர் அறையை உள்ளே இழுத்துப் பூட்டினார்.

இரண்டு நாள் லீவு முடிந்து கூரத்தில் முகாம். வெயிலில் எழுபது பேர் காத்திருந்தார்கள். அவர் பிரஷ்ஷோடு குனிந்தார். "பத்து நிமிசம் குடும்மா, சந்தனம் காஞ்சு கெட்டியா இருக்குது."

"சாமிப் பொட்டை அழிக்கக் கை கூசலையா? டாக்டர் வர்ற நேரம், பட்டனை அழுத்து" என்றேன்.

அழுத்தினார். ஒரு ஓரம் நகர்ந்தது, மறு ஓரம் நகரவில்லை. அறை கோணிக்கொண்டு ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. உள்ளே கண் பார்க்கிற கருவி விழுந்து உடைந்தது. எழுபது பேரும் பார்வை தெளியாமல் வந்தபடியே திரும்பிப் போனார்கள்.

அறையை உள்ளே தள்ளவேண்டுமே என்று அவர் மல்லாந்து படுத்து, சிமென்ட் மாதிரி இறுகியிருந்த சந்தனத்தையும் நசுங்கிய அரிசியையும் சுரண்டி எடுத்தார். டாக்டர் ஜீப்பில் வந்து இறங்கியபோது பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது, பொட்டு வைத்த சுவடே இல்லை.

"தாவீது, இதைத் துடைக்கறது உன் வேலைதானே? துடைச்சியா இல்லையா?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பொட்டினால்தான் என்று கிறிஸ்தவரான அவர் வாயால் சொன்னால், பூஜையைப் பழிக்கிறான் என்று ஆகிவிடும். அவரால் அதைச் சொல்ல முடியாது. நான் சொல்லலாம். நான் சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். வேலை போய்விடும் என்கிற பயம்கூட எனக்கு இல்லை. அவர் சொன்னதுதான் சரி என்று நாலு பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டுமே என்கிற வீம்பு. சீ!

"மறந்துட்டேன் சார்" என்றார்.

அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். சான்றிதழில் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்ததால் வேறு யாரும் அவரிடம் வண்டி கொடுக்கவில்லை. செங்கல் லாரியில் கல் ஏற்றப் போனார்.

இரண்டு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "வாம்மா, வா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விரல்களெல்லாம் தேய்ந்து தோலுரிந்திருந்தன. அவர் மனைவி மேரி காபி கொண்டுவந்தாள்.

"அந்த ரூம் இப்ப கோணாம வருதாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா, அது ஒண்ணுதான் கொறச்சல்!" என்று மேரி அவர்மேல் பாய்ந்தாள். "துடைக்க மறந்துட்டாராம். சோத்துக்குப் போற வேலைய யாராவது மறப்பாங்களா? ரெண்டு வருசமா கேக்கறேன், இதே பதில்தான். நீங்க கூட இருந்தீங்களேம்மா, சொல்லுங்க. நெசமாவே மறந்துதான் போனாரா?"

அவளிடம்கூட அவர் சொல்லவில்லை.

"விடு மேரி, அந்தம்மா காபி குடிக்கட்டும்" என்றார்.

மேரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாம், மறந்துட்டார்" என்றேன். காபியையும் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.