நிலாவுக்கு ஒரு கை, தெருவுக்கு ஒரு நன்றி

பள்ளித்தோழி ஜெனி போன வாரம் போன் செய்தாள். "மக்கா, வியாழக்கிழமை இங்க வந்துரு. நம்ம ஊர் ஆளு ஒண்ணு பக்கத்துல நின்னா எனக்குத் தைரியமா இருக்கும்." கல்யாணத்துக்குக்கூட இப்படி வருந்தி அழைக்காதவள். பதறிப்போய் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திருப்பூருக்கு எல்லோரும் பனியன் வாங்கப் போவார்கள், நான் ரோபோ பார்க்கப் போனேன்.

நாகர்கோவிலில் ராத்திரி ரயிலேறினால் விடியும் நேரத்தில் ஊத்துக்குளி வந்துவிடுகிறது. அடுத்தது திருப்பூர்தான். அங்கேயே பையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், ரயில் அதிக நேரம் நிற்காது. ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் அவிநாசி சாலைப் பக்கம் ஐந்து கிலோமீட்டருக்கு இருநூறு கேட்டார். "ஏண்ணே, நிலாவுக்கா போறோம்?" என்றேன். சிரித்துக்கொண்டே நூற்றைம்பதுக்கு வந்தார். அதற்குக் கீழே இறங்க மாட்டேனென்றுவிட்டார்.

ஜெனியின் பட்டறை இருக்கும் தெரு முழுக்க பனியன் துணி பின்னும் நிட்டிங் யூனிட்கள். அவள் கணவர் லோகுவின் யூனிட் கீழே, இவளுடைய ஒற்றை அறை மாடியில். விண்வெளிக் கருவிகள் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு அரசு கொடுக்கும் நிதியில், மூன்று விரல் கொண்ட ஓர் இயந்திரக் கையைச் செய்திருக்கிறாள். நிலாவில் கிடக்கும் மெல்லிய கற்களை அது நொறுக்காமல் எடுக்க வேண்டும். முதல் கட்டப் பணம் தீர்ந்துவிட்டது. அன்று வரும் அதிகாரிகளுக்குத் திருப்தி என்றால்தான் இரண்டாம் கட்டம். இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு மறுபடியும் பெங்களூரில் பழைய வேலை, அவர்களும் கூப்பிட்டுவிட்டார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் அவள் அங்கே, இவர் இங்கே. ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம். எட்டு மாதமாகத்தான் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

"திரும்ப அந்தப் பொழப்பு என்னால முடியாது மக்கா" என்றாள். கண் கலங்கியிருந்தது. தட்டில் இருந்த பொரித்த அப்பளத்தை எடுத்து ஒரு கடி கடித்தேன்.

"ஏட்டி, அது டெஸ்ட் பீஸு!"

அந்தக் கைக்கு அப்பளத்தை வைத்துத்தான் பயிற்சியாம். உடைந்ததெல்லாம் இவர்கள் சாப்பாட்டுக்கு. "எட்டு மாசமா அப்பளந்தானுங்க. ரசத்துக்கும் அதான், தயிருக்கும் அதான்" என்று லோகு பரிதாபமாகச் சொன்னதைக் கேட்டு மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

பதினொரு மணிக்கு ஒரு மேடமும் ஒரு சாரும் வந்தார்கள். மூன்று கல் வில்லைகள் கொண்டுவந்து மணல் தட்டில் வைத்தார்கள். கை இறங்கியது, பிடித்தது, முதல் கல் பொடியானது. இரண்டாவதும் அப்படியே. மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்த ஜெனி, "மேசை அதிருது" என்றாள்.

பயிற்சியெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். அன்றுதான் கூட நின்று உதவும் லோகுவுக்கு ஓய்வு, தெருவுக்கும் ஓய்வு. ஓடும் மெஷின்களுக்கு மேலே அந்தக் கையை அவள் சோதித்ததே இல்லை. அட என் ஜெனியே!

லோகு ஓடிப்போய்த் தன் மெஷின்களை நிறுத்தினார். அதிர்வு குறைந்தது, நிற்கவில்லை. சுவரோடு சுவர் ஒட்டிய யூனிட்கள் அல்லவா? அடுத்த யூனிட் வாசலில் போய் நின்றார். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"ஏனுங்கண்ணா, மேல ஜெனிக்குப் பரீட்சைங்க, ஒரு பத்து நிமிசம் நிறுத்த முடியுங்களா? நடு ரோல்ல நிறுத்துனா துணியில கோடு உழுந்துருமுன்னு தெரியுமுங்க..."

"உழுந்தா உழுந்துட்டுப் போவுது. அம்மிணிக்குப் பரீட்சைங்கற, இங்க நின்னு பேசிட்டிருக்கறயே!" அந்த முதலாளி உள்ளே திரும்பி, வடநாட்டுத் தொழிலாளர்களைப் பார்த்து "பந்த் கரோ, பந்த் கரோ!" என்று இந்தியில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பிறகு அவரே எதிர் யூனிட்டுக்கு நடந்தார்.

ஒவ்வொன்றாக அடங்கியது. ரோல் முடியுமுன் நிறுத்தியதால் கோடு விழுந்த இடத்தை வெட்டிக் கழிக்க வேண்டும், அந்த நஷ்டம் அவரவருக்கு. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தொழிலாளர்கள் வாசலுக்கு வந்து எங்கள் மாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கரண்ட் போயிடுச்சா?" என்றார் மேடம்.

"இல்லீங்க மேடம். நிறுத்தியிருக்காங்க" என்றார் மூச்சிரைக்க மேலே வந்த லோகு.

மூன்றாவது கல். விரல்கள் மூடின, தூக்கின, பெட்டிக்குள் வைத்தன. மேடம் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முழுசாக இருந்தது. ஆனாலும், "நிலாவுல மெஷின் ஓடாதும்மா, ஆனா கையத் தூக்கிட்டுப் போற வண்டி ஆடும். அதுக்கும் வழி பண்ணணும். முடிவு மெயில்ல வரும்" என்றுவிட்டுப் போனார். நியாயமான பேச்சுதான், இருந்தாலும் எனக்குக் கோபம் வந்தது.

லோகு கீழே இறங்கினார். அதுவரை ஒரு மெஷின்கூட ஓடவில்லை. "ஆச்சுங்களா?" என்றார் பக்கத்து முதலாளி. "தூக்கிருச்சுங்கண்ணா" என்றதும்தான் தெருவுக்குச் சத்தம் திரும்பியது. நான் அழுதுவிட்டேன். முன்பின் தெரியாத ஒரு தெருவுக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை.

திருப்பூர் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், யூனிட்கள் மூடியிருக்கும். உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், மெஷினில் சிக்காமல் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஊத்துக்குளி வெண்ணெயை ரயிலேறும் நேரத்தில் வாங்குங்கள், காலையிலேயே வாங்கிய என்னுடையது பாதி உருகிவிட்டது.

சாயங்காலம் ஜெனி ஸ்கூட்டியில் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டாள். பிளாட்பாரத்தில் நின்றபடியே பெங்களூருக்குப் போன் போட்டு, "நான் வரல சார், வேற ஆளப் பாத்துக்கோங்க" என்று வைத்துவிட்டாள்.

"ஏட்டி, ரிசல்ட்டே வரலையே?"

"வரும்போது வரட்டும். இது இல்லன்னா வேற ஒண்ணு இங்கயே பண்ணுவேன். எனக்காக நடு ரோல்ல நிறுத்துன தெருவ விட்டுட்டு எங்க மக்கா போவேன்?"

"சரி, லோகுவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லு. மனுசன் தவிச்சிட்டிருப்பாரு."

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டாள். "மூணு வருசம் எல்லாத்தையும் போன்லதான் சொன்னேன். இத வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."