யாளிக்கு ஒட்டிய அம்பு

தஞ்சைப் பெரிய கோயிலில் காவலர் விசில் ஊதியபோது, அது எனக்காகத்தான் என்று முதலில் எனக்கே தெரியவில்லை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பீஸில் குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இருபது வருடமாக அதே வேலை. ஸ்டிக்கர் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வெளிநாட்டிலிருந்து, எங்கள் சரக்கை வாங்கும் பையர் அம்மா வந்திருந்தார். மறுநாள் அவர் பெட்டிகளைத் திறந்து பார்த்து பாஸ் செய்தால்தான் சரக்கு கிளம்பும். ஞாயிற்றுக்கிழமை கோயில் பார்க்க வேண்டும் என்றார். செக்கிங் ஆளும் வரட்டும் என்றார். காரில் ஏறும் முன் முதலாளி என்னை ஓரமாக அழைத்தார்.

"அண்ணா, அந்த நாலு பெட்டி பத்திக் கேட்டா தெரியாதுன்னு சொல்லிருங்க."

அந்த நான்கு பெட்டியிலும் கோடு போட்ட டீ-ஷர்ட். சைடு தையலில் முன்பக்கக் கோடும் பின்பக்கக் கோடும் சேரவில்லை. நான் ஒதுக்கி வைத்ததை அவசரத்தில் பேக் செய்துவிட்டார்கள்.

"நீங்க வாய் தொறந்து நான் எப்பங்க பாத்திருக்கறேன்?" என்று அவரே சிரித்துக்கொண்டார். உண்மைதான். எனக்குக் கூச்சம் அதிகம்.

கோயிலில் உச்சி வெயில். முதலாளி சுடுகல்லில் தவளை மாதிரித் தாவிக்கொண்டிருந்தார். நான் விமானத்தின் அடியில் நிழலில் ஒதுங்கினேன். அங்கே யாளிகள் வரிசையாக இருந்தன. துணியில் பிரிண்ட் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்ப்பதுபோல விரலை ஓட்டிக்கொண்டே போனேன். ஒன்றுபோல ஒன்று, அத்தனை சுத்தம். ஒரே ஒரு யாளிக்கு மட்டும் மூக்கு சப்பை. தேய்ந்ததோ, செதுக்கியவர் சாப்பிடப் போய்விட்டாரோ, தெரியாது. நான் அடுத்ததைப் பார்க்க நகர்ந்தேன். அப்போதுதான் விசில்.

"யாருங்க இதுல ஸ்டிக்கர் ஒட்டுனது?"

சப்பை மூக்குக்கு நேராகச் சிவப்பு அம்பு. என் கை தானாகச் செய்த வேலை.

"எங்க ஆளுங்க இல்லீங்க," என்றார் முதலாளி, ஒரு காலைத் தூக்கியபடியே.

பையர் அம்மா அம்பைப் பார்த்தார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில்கூடக் கை தூக்காதவன், அன்று தூக்கினேன்.

"நானுங்க."

காவலர் தலையில் கை வைத்தார். "ஆயிரம் வருஷமா நிக்கிது சார். ராஜா பாஸ் பண்ணிட்டாரு. நீங்க வந்து ரிஜெக்ட் பண்றீங்களா?"

மன்னிப்புக் கேட்டு, கல்லில் பசைகூட ஒட்டாமல் நகத்தால் மெல்ல உரித்தேன். பையர் அம்மா பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து யாளியைக் கவனமாகப் பார்த்தார். ஏதோ கேட்டார். கூட வந்த, எங்கள் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் கவிதா தமிழில் சொன்னாள்: "இந்தக் குறை மேஜரா மைனரான்னு கேக்கறாங்க."

"மைனருங்க. அனுப்பலாமுங்க."

காவலரே சிரித்துவிட்டார். பையர் அம்மா சிரித்துக்கொண்டே இன்னொன்று கேட்டார். இந்த முறை கவிதா சிரிக்கவில்லை. முதலாளியை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்குப் பாக்கற பெட்டியில இந்த மாதிரி ஏதாச்சும் இருக்குதான்னு கேக்கறாங்க."

முதலாளி அண்ணாந்து விமானத்தை அளந்துகொண்டிருந்தார். அதுவரை அவர் கோயிலை நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஸ்டிக்கர் கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"நாலு பெட்டி இருக்குதுங்க. அது மேஜருங்க."

திரும்பும் வழியில் கரூரில் காரை நிறுத்தினோம். டீக்கடையில் முதலாளி கிளாஸை என்னிடம் நீட்டினார். "பேசாத ஆளுன்னு நம்பித்தானுங்ணா உங்களக் கூட்டியாந்தேன்."

மறுநாள் நான்கு பெட்டியையும் பிரித்து, நல்ல பீஸ் மாற்றிக் கட்டிய பிறகே பையர் அம்மா மற்றதைத் தொட்டார். எல்லாம் பாஸ். அடுத்த ஆர்டர் தாளில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. கவிதா படித்துக் காட்டினாள்: யாளிக்காரர் பார்த்த பிறகே பெட்டியை மூட வேண்டும்.

புதிதாகச் செக்கிங்குக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கோயிலுக்குப் போனால் செருப்போடு ஸ்டிக்கரையும் வெளியே விட்டுவிடுங்கள். கண்ணை விட முடியாது. நானும் முயன்று பார்த்துவிட்டேன்.