பச்சைக்கல் ப்ரூச்சும் எங்கள் அக்காவும்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், "டேய், இல்லாததையெல்லாம் எழுதி வெக்காதே" என்று அவர் அதட்டுவது காதில் விழுகிறது. ஆகவே, அவர் செய்த ஒரு தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அருவங்காட்டில். தொழிற்சாலை ஊழியரான அப்பா காலமான பின், தம்பிகள் எங்களைக் கரைசேர்த்தது குன்னூரில் அக்கா நடத்திய ஃபேன்சி ஸ்டோர்தான். பங்களாக்காரர்கள் ஊரைவிட்டுப் போகும்போது விற்கும் பழைய கல் நகைகளையும் வாங்கி விற்பார். தங்கமல்ல, பித்தளையும் கண்ணாடிக் கல்லும். செய்தவர் பெயர் எதிலும் இருக்காது. ஆனாலும் எந்தப் பட்டறை வேலை என்று அக்கா சொல்லிவிடுவார். "மொகத்தைப் பாத்தா ஏமாந்து போவீங்க, முதுகைத் திருப்பிப் பாருங்க" என்பார். கல்லைப் பிடித்திருப்பது கம்பி நகமா, பசையா, ஊக்கு என்ன மாதிரி என்பதை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்.

தேயிலை விலை விழுந்து ஃபேக்டரிகள் மூடிக்கொண்டிருந்த சமயம். கீழ் கோத்தகிரியில் ஒரு பங்களாவில் வேலை செய்த ராசம்மா, சேலையில் குத்திக்கொள்ளும் பச்சைக்கல் ப்ரூச் ஒன்றை விற்கக் கொண்டுவந்து கடையில் விட்டுப் போனார். இலங்கைத் தோட்டத்தில் அவர் அம்மாவுக்கு வெள்ளைக்காரத் துரைசாணி கொடுத்ததாம். அதே வாரம் அந்தப் பங்களா அம்மா, தன் பச்சைக்கல் செட்டில் ஒரு ப்ரூச் காணோம் என்று மீதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மாமியார் காலத்து நகை. ராசம்மா கொடுத்ததைக் காட்டினால், தன்னுடையதுதானா என்று அவருக்கே அடையாளம் தெரியவில்லை. அக்கா திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே முறுக்கு ஊக்கு. "ஒரே பட்டறைதானுங்க" என்றுவிட்டார். அவ்வளவுதான், ராசம்மா திருடியாகிப் போனார். வேலையும் போயிற்று, ப்ரூச்சும் பங்களாவுக்குப் போயிற்று.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் தன் சொந்த ப்ரூச்சைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "அடி கூறுகெட்டவளே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்தார். அதிலும் அதே முறுக்கு ஊக்கு! அது நகை வேலை செய்யும் குன்னூர்ப் பத்தர் மாற்றிக் கொடுத்தது. எங்கள் மலை ஈரத்துக்கு எந்த ஊக்கும் துருப்பிடிக்கும். எல்லோரும் மாற்றுவது அவரிடம்தான்.

கடையைப் பூட்டி, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பங்களாவில் எல்லாவற்றையும் மறுபடி திருப்பினார். அந்த செட்டில் ஒவ்வொரு கல்லையும் நகம் பிடித்திருந்தது; ராசம்மாவுடையதில் வெறும் பசை, வேறு பட்டறை வேலை. ப்ரூச்சைக் கையோடு வாங்கிக்கொண்டு, தோட்டத் தொழிலாளர் லைனில் இருந்த ராசம்மா வீட்டுக்குப் போய், சனம் கூடி நிற்க, "நீங்க திருடலைங்க, தப்பாச் சொன்னது நானுங்க" என்று ப்ரூச்சை அவரிடம் கொடுத்துக் கைகூப்பினார்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா, ஒருத்தரும் கேக்கலியே" என்று ராசம்மா அழுதார்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அக்கா மட்டும் கூப்பிய கையை இறக்காமல் நின்றார். எத்தனை பெரிய மனசு! பங்களாவில் திரும்பக் கூப்பிட்டும் ராசம்மா போகவில்லை. அக்காவின் கடைக்கே வந்துவிட்டார்.

நோயின்போது தோள் கொடுத்த அக்கம்பக்கத்தாருக்கும், கடைசிக் காரியத்துக்கு மழையிலும் வந்து நின்ற உறவுகளுக்கும் எங்கள் நன்றி. ராசம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. பார்வை போன பின் அக்காவுக்குச் சோறூட்டியது அவர்தான். கடைசி வாரம், குளிருக்குச் சால்வை போர்த்தி, ராசம்மா தன் பச்சைக்கல் ப்ரூச்சைக் குத்திவிட எடுத்தார். அக்கா அதை வாங்கி, விரலால் அதன் முதுகை வெகுநேரம் தடவினார்.

"இது உங்க அம்மாளுதுங்க" என்றார்.