மீட்டர் வந்தால் மில் நிற்கும்

சத்தத்தை அளக்கப் போகிறவர்களுக்குப் போகிற இடத்திலெல்லாம் முதலில் கிடைப்பது நிசப்தம்தான். புகார் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, இரண்டு தரப்பிடமும் திட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தாரே, உங்களுக்காவது நான் சொல்வது புரியும். மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் நான் ஜூனியர் இன்ஸ்பெக்டர். கொசு, குப்பை, ஹோட்டல் சமையற்கட்டு எல்லாம் போதாதென்று சத்தத்தையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆஃபீஸில் இருப்பதே ஒரு மீட்டர். அது என் தோள்பையில், டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும்.

கையை நீட்டியவர்

மீட்டரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கைக்கடக்கமான கறுப்புக் கருவி, தலையில் நுரையாலான ஒரு குல்லா. பார்த்தவர்கள் யாரும் இதுவரை அதைச் சரியாக அடையாளம் கண்டதில்லை. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழைய மரச்சாமான் விற்கும் கடைக்குப் பின்னால் ஒரு பட்டறை. மேசை நாற்காலியெல்லாம் மிஷின் வைத்துத் தேய்க்கிறார்கள், காது போகிறது என்று புகார். தெருமுனையில் நிற்கும்போதே எனக்கும் காது போனது. வாசலில் கால் வைத்தேனோ இல்லையோ, மிஷின் நின்றுவிட்டது. நாற்காலி வந்தது, சாயா வந்தது. காக்கா கத்துவதையும் ஆட்டோ போவதையும் அளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிஷின் ஓட்டுகிற நாகர்கோவில்காரர் உடம்பெல்லாம் மரத்தூளாக என் எதிரே வந்து உட்கார்ந்தார். மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் முன்னால் நீட்டினார். "கொஞ்ச நாளா தலை சுத்துது மேடம், பிரஷர் எவ்வளவுன்னு பாத்துச் சொல்லுங்க."

ஹமீதிக்கா கேட்டது

ஹமீதிக்கா ஜூ டவுனில் ஒரு மிளகு குடோனில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர்; மலையாளத்தில் இக்கா என்றால் அண்ணன். லோடிங் வேலைக்கு வந்த தமிழர்களோடு பேசிப் பேசி அவருக்கு மலையாளம் கலந்த தமிழ் வரும். என் வீட்டில் தமிழ் பேசுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், ஆஃபீஸில் என் மேசைக்கு நேராக வந்தார். அவர் வீட்டுச் சுவரோடு சுவராக ஒரு பொடிமில். மிளகாய், மல்லி, புட்டுமாவு அரைக்கிற இடம். காலையில் ஓட ஆரம்பித்தால் சாயங்காலம்தான் ஓய்கிறதாம்.

இந்த மாதிரிப் புகார் எனக்குப் புதிதில்லை. தலைவலி, தூக்கமில்லை, பேரனுக்குப் பரீட்சை என்பார்கள். இவர் சொன்னது வேறு. மனைவி ஆயிஷா நரம்புக் கோளாறில் கை கால் தளர்ந்து படுக்கையில் இருக்கிறார். குரலும் மெலிந்துவிட்டது. கழிப்பறை ஒட்டியிருப்பது மில் பக்கத்து அறையோடுதான், அதனால் கட்டில் அங்கே. சமையல் இவர் பொறுப்பு, அடுக்களை பின்கட்டில். ஒருநாள் ஆயிஷா கட்டிலிலிருந்து சரிந்து கீழே விழுந்து கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறார். இவர் உள்ளே மீன் பொரித்துக்கொண்டிருந்திருக்கிறார். கரண்ட் போய் மில் நின்ற பிறகுதான் குரல் காதில் விழுந்திருக்கிறது.

மணி ஒன்று வாங்கிக் கொடுக்கலாமே என்றேன், பெரிய புத்திசாலி மாதிரி. அதெல்லாம் பார்த்தாகிவிட்டது. மணியைப் பிடிக்கக் கை நிற்கவில்லை. களமசேரியில் ஃபேக்டரிக்குப் போகிற மகன் கட்டிலோரம் ஒரு பெல் சுவிட்ச் வைத்தான், அதை அழுத்த விரலில் வலு இல்லை. சத்தம் எல்லையைத் தாண்டினால் மில்லின் லைசென்ஸையே நிறுத்திவைக்கலாம் என்று சட்டத்தை விளக்கினேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். "மில்லைப் பூட்டவேண்டா மேடம். ஆயிஷா விளிச்சா எனக்குக் கேக்கணும், அவ்வளவு மதி, அது போதும்."

ஸ்டூல் துடைத்தாகிவிட்டது

மில் பேச்சியம்மாளுடையது. தென்காசிப் பக்கத்திலிருந்து கணவரோடு கட்டட வேலைக்கு வந்தவர், கணவர் இறந்துபோன பிறகு மில்லைக் குத்தகைக்கு எடுத்தார். புருவத்திலிருந்து செருப்பு வரை மிளகாய்ப்பொடி நிறம். என்னைப் பார்த்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். வரிசையில் டின்னோடு நின்றவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

மில்லை ஓட்டுங்கள் என்றேன். ஆபீசர் நிற்கும்போது ஓட்டுவது மரியாதை இல்லை என்றார். நான் கெஞ்சினேன். கடைசியில் வெறும் மிஷினை ஓட்டிக் காட்டினார், அது பூனைக்குட்டி போல உறுமியது. மிளகாயைப் போட்டு ஓட்டச் சொன்னால், மேடம் கண்ணு எரியும் என்று மறுத்துவிட்டார். ஏமாற்றுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமான அக்கறைதான். அதற்கு நான் என்ன நோட்டீஸ் கொடுக்க?

புகார் கொடுத்தது யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஹமீதிக்கா ஒரு முறை வந்து கேட்டிருக்கிறார், சத்தம் இல்லாத மில் உண்டா என்று இவர் திருப்பிக் கேட்டு அனுப்பியிருக்கிறார். அந்தச் சந்தில் வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாக ஹோம்ஸ்டே ஆகிக்கொண்டிருந்தன, பேச்சியம்மாளின் பயம் அங்கே இருந்தது. "எங்கள வெளியேத்திட்டு டூரிஸ்ட்காரனுக்கு ரூம் விடப் பாக்காக மேடம். இத விட்டா நா எங்க போவேன்?"

சாயா வேறு

அடுத்த முறை புத்தியாகப் பின்சந்து வழியே, குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு ஹமீதிக்கா வீட்டுக்குள் போனேன். மில் அமோகமாக ஓடிக்கொண்டிருந்தது. சுவர் அதிர்ந்தது, கட்டிலோரம் வைத்திருந்த மருந்துப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. ஆயிஷாம்மா என்னைப் பார்த்து வாயசைத்தார். வா என்கிறார் போல, எனக்குக் கேட்கவில்லை. கருவி சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றால்தான் கணக்கு. ஆகா, இன்று பிடித்துவிடலாம் என்று மீட்டரை ஸ்டாண்டில் பொருத்தினேன். பொருத்தி நிமிர்வதற்குள் மில் நின்றது.

நடந்தது இதுதான். வீட்டில் பால் தீர்ந்துபோயிருந்தது. ஹமீதிக்கா மில்லுக்கு எதிரே இருக்கிற கடைக்கு ஓடி, சாயா ஸ்ட்ராங்காக இருக்கட்டும், வீட்டுக்கு ஹெல்த் மேடம் வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் பேச்சியம்மாளைப் பார்த்துக் கைகாட்ட, அவர் மரியாதையாக சுவிட்சை அணைத்துவிட்டார். புகார் கொடுத்தவரே இப்படிச் செய்தால் நான் என்ன செய்வது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவர் கிளாஸை என் கையில் வைத்து அழுத்தினார். "வீட்டுக்கு வந்த ஆளுக்கு சாயா கொடுக்காம எப்படி மேடம்? புகார் வேற, சாயா வேற."

மிஷினுக்கும் கேட்கவில்லை

மூன்றாம் முறை, சாயா வேண்டாம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். மில் நிற்கவில்லை. மீட்டர் முழுசாக அளந்தது. எல்லைக்குள். ஒரு மயிரிழை உள்ளே, ஆனாலும் உள்ளேதான். குடியிருப்புப் பகுதியாக இருந்திருந்தால் மாட்டியிருக்கும். அந்தச் சந்தை மார்க்கெட்டோடு சேர்த்து வணிகப் பகுதி என்று போட்டிருக்கிறார்கள், அங்கே கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போடலாம். நானும் இந்த ஊர்க்காரிதான். வணிகப் பகுதியில் படுத்துக் கிடப்பவர்களுக்கு என்ன காது வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியாது.

ஹமீதிக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். வாதாடுவார் என்று எதிர்பார்த்தேன், வாதாடவில்லை. மில்லை அளந்தாயிற்றல்லவா, இனி இவள் குரலையும் ஒரு தடவை அளந்து சொல்லுங்கள் என்றார். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லத் தோன்றவில்லை. கருவியைக் கட்டிலருகே பிடித்தேன். ஆயிஷாம்மா கழுத்து நரம்பு புடைக்கக் கணவரைக் கூப்பிட்டார். மீட்டரில் எண் அசையவில்லை. மறுபடி கூப்பிட்டார், அப்போதும் மில்லுடைய எண்தான் நின்றது. ஹமீதிக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "கண்டீங்களா மேடம்? அவ விளிச்சது உங்க மிஷினுக்கும் கேக்கல்ல."

ஜெயித்த கட்சி

புகாரை முடித்துவிட்டேன். எல்லைக்குள் இருக்கிற சத்தத்தை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. முடிவைச் சொல்ல மில்லுக்குப் போனேன். வழக்கம்போல மிஷின் நின்றது, ஸ்டூல் வந்தது. லைசென்ஸுக்கு ஆபத்தில்லை என்றதும் பேச்சியம்மாள் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். மல்லிப்பொடிப் பொட்டலம் ஒன்றை என் பையில் திணிக்கப் பார்த்தார், அதைத் தடுப்பதே பெரும்பாடாகிவிட்டது.

கிளம்பும்போது, இவ்வளவு அலைந்ததில் இக்காவுக்கு என்னதான் லாபம் என்று கேட்டார். சொன்னேன். விழுந்தது, கூப்பிட்டுக்கொண்டே கிடந்தது, கரண்ட் போனது எல்லாம். பக்கத்து வீட்டில் முடியாத ஒருத்தர் படுத்திருக்கிறார் என்பது பேச்சியம்மாளுக்குத் தெரியும். கூப்பிடுவார் என்பது தெரியாது. இந்தப் பக்கம் நிற்பவருக்கு எப்படிக் கேட்கும்? சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. சுவர்ப் பக்கம் திரும்பினார். "ஆபீசர் வந்தா நிறுத்துதேன், அந்தம்மா கூப்பிட்டா நிறுத்த மாட்டேனா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

மறுபடியும் ஒரு புகார்

மழை விட்ட சமயத்தில் அதே மில்லின் மேல் இன்னொரு புகார். இந்த முறை சந்தில் புதிதாக வந்த ஹோம்ஸ்டேக்காரர். மிஷின் நின்று நின்று ஓடுகிறதாம், நிற்கும்போதெல்லாம் ஒரு பெண்பிள்ளை சுவரைப் பார்த்துக் கத்துகிறாராம், விருந்தாளிகள் பயப்படுகிறார்களாம். பையை மாட்டிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு அதிசயம், என்னைப் பார்த்தும் பேச்சியம்மாள் மிஷினை நிறுத்தவில்லை. இருங்க மேடம் என்று கைகாட்டிவிட்டு, கையிலிருந்த டின்னின் மிளகாயை அரைத்து முடித்தார். பிறகு சுவிட்சை அணைத்தார். ஒவ்வொரு டின்னுக்கும் நடுவில் இப்படித்தான் என்று வரிசையில் நின்றவர் எனக்குச் சொன்னார், இதனால் நேரமாகிறது என்று கொஞ்சம் சலித்தும் கொண்டார். சுவரில் மேலே ஒரு காற்றுத்துளை இருக்கிறது. பேச்சியம்மாள் குதிகாலை உயர்த்தி அதன் பக்கம் முகத்தை வைத்து, ஆயிஷாம்மா, எதுவும் வேணுமா என்று கேட்டார். கத்தல்தான், ஹோம்ஸ்டேக்காரர் பொய் சொல்லவில்லை. சந்து காத்திருந்தது. வரிசையில் ஒரு டின்கூட அசையவில்லை. நானும் மீட்டரை எடுக்கவில்லை. துளை வழியாக மெதுவாக, ஆனால் தெளிவாக வந்தது. "ஒண்ணும் வேண்டா பேச்சீ, நீ அரைச்சோ."

என் தலையைக் கண்டதும் நின்ற மிஷின்கள் மட்டாஞ்சேரியில் எத்தனையோ உண்டு, நான் இல்லாதபோதும் நிற்பது இது ஒன்றுதான், அதையும் நிறுத்தச் சொன்னது நானில்லை.