பக்கத்துக் காட்டுக்காரர் சொல்லாத பதில்

உளவியல் படிக்கப் போவதற்கு முன்னால் நானும் ஓரளவு மனிதனாகத்தான் இருந்தேன். அம்மா சோற்றில் இன்னொரு கரண்டி நெய் விட்டால் தின்றுவிட்டு எழுந்து போவேன். எழுபதுகளின் கடைசியில் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, ஆளுமை, அகமுகம், புறமுகம், ஆழ்மனம் என்று நாலு சொல் காதில் விழுந்த பிறகு, நெய் விட்டால் இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். பின்னால் பெரும்பாலும் ஒரு தவிட்டு மூட்டை இருந்தது. அதை வண்டியிலிருந்து இறக்க ஆள் வேண்டும்.

நாமக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். லீவுக்கு வந்தபோது அப்பா, அது என்னடா படிப்பு என்றார். மனிதர்களின் குணத்தை அளக்கிற படிப்பு என்றேன். எதில் அளப்பீர்கள், படியிலா மரக்காலிலா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். இதை நான் அவருடைய புறமுகத்தன்மை என்று குறித்துக்கொண்டேன்.

அந்தக் கோடை லீவில்தான் தங்கச்சிக்கு ஆட்டையாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த லாரி, ஓட்டுவதும் அவரே. கொஞ்சம் காடு, கிணறு. ஜாதகம் பொருந்தியது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தபோது தங்கச்சி மட்டும் என்னைக் கிணற்று மேட்டுக்குக் கூப்பிட்டாள். எங்கள் பெரியம்மா மகள் ஒருத்தி போன தை மாதம் கன்னம் வீங்கிப் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். பிறகு சமாதானம் பேசித் திருப்பி அனுப்பினார்கள். தங்கச்சி அதைப் பார்த்திருந்தாள்.

"அண்ணா, காடு எவ்வளவு, லாரி புதுசா பழசா, அதெல்லாம் எனக்கு வேண்டாம். கோவம் வந்தா அவரு கை நீட்டுவாரா மாட்டாரா, அதை மட்டும் தெரிஞ்சுட்டு வா. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவேன்."

எங்கள் பக்கத்தில் இதற்கு வழிமுறை உண்டு. பெண் வீட்டார் இரண்டு பேர் மாப்பிள்ளை ஊருக்குப் போய் டீக்கடையில் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசி, பருத்தி விலையைப் பற்றிப் பேசி, போகிற போக்கில் பையனைப் பற்றி விசாரிப்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கிளம்பினார். நான் தடுத்தேன். டீக்கடைப் பேச்சு விஞ்ஞானமே அல்ல, நான் போய் முறையாக ஆய்வு செய்து வருகிறேன் என்றேன். அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். தங்கச்சி, போகட்டும் விடுங்கப்பா என்றாள்.

எங்கள் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தபடி எல்லாம் செய்தேன். ஆய்வின் நோக்கத்தை வெளியே சொல்லக் கூடாது. அதனால் பெண்ணின் அண்ணன் என்பதை மறைத்தேன். மரியாதை வருவதற்காகப் பேன்ட்டுக்குள் சட்டையைச் செருகி, தோளில் தோல் பை மாட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்க வேண்டும். பதில் சொல்பவரின் கூச்சம் போவதற்காக முதலில் அவரைப் பற்றியே இரண்டு கேள்வி, பிறகு மெதுவாக மாப்பிள்ளைக்கு வருவதாகத் திட்டம். உற்றுப் பார்த்தால் ஆளுக்குச் சங்கடமாகும், பார்வையை வேறெங்காவது வைக்க வேண்டும். ஒன்றும் பதில் சொல்லாதவர்களின் தாளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கிவிட வேண்டும்.

ராசிபுரத்தில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். டீக்கடைக்காரர் கிளாஸை வைத்துவிட்டு முதல் வேலையாக, பொண்ணு எந்த ஊருங்க என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் காலேஜிலிருந்து வருகிறேன், பொதுவான ஆய்வு என்றேன். அப்படீங்களா என்று சிரித்தார். பெஞ்சிலிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் யாரைக் கேட்டாலும் பையன் தங்கம், பீடி சிகரெட் கிடையாது, பெரியவர்கள் முன்னால் குரல் உயர்த்த மாட்டான். ஒரே பாட்டு. பலசரக்குக் கடைக்காரர் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். இத்தனை பேர் ஒரே மாதிரி சொன்னால் ஒன்று அவன் தெய்வமாக இருக்க வேண்டும், இல்லை எல்லாரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள். தெய்வம் லாரி ஓட்டாது என்று முடிவு செய்தேன்.

கடைசியாக மாப்பிள்ளை காட்டுக்கு அடுத்த காட்டுக்காரரிடம் போனேன். ஐம்பது வயதிருக்கும், வரப்பில் நின்றிருந்தார். என் பையைப் பார்த்தார், பேனாக்களைப் பார்த்தார். நான் கேள்விகளைப் படித்தேன். அவர் ஏதோ முணுமுணுத்துவிட்டு, மாப்பிள்ளை பெயரைச் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அவுங்களோட நமக்கு அவ்வளவாப் பழக்கமில்லீங்க."

அவ்வளவுதான். வாய்க்கால் திருப்ப வேண்டும் என்று போய்விட்டார். பதில் இல்லை, ஒதுக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து முடிவை அறிவித்தேன். ஊரார் ஒருமனதாக நல்லவர் என்கிறார்கள், அந்த ஒருமனதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன். அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரன் என்ன சொன்னான் என்றார். அவர் பழக்கமில்லை என்றார், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் யாருக்கும் வேண்டாம். அதனால் விசாரிக்க வந்தவனிடம் யாரும் பையனைக் கெட்டவன் என்று சொல்ல மாட்டார்கள். ஒரே கிணற்றுத் தண்ணீரைப் பங்கு போட்டு இறைக்கிற அடுத்த காட்டுக்காரன் 'பழக்கமில்லை' என்று சொன்னால் அதுதான் 'வேண்டாம்' என்று சொல்லும் முறை. இது பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். கல்லூரி விடுதிச் சாப்பாட்டில் மறந்திருக்கிறது. மொத்த ஊரிலும் ஒரே ஒரு ஆள் பதில் சொல்லியிருக்கிறார், அவரைத்தான் நான் ஒதுக்கியிருக்கிறேன்.

ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று சொல்லியனுப்பிவிடலாம் என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள்.

"அவருகிட்ட மொதல்ல என்ன கேட்டே?"

வரிசைப்படி சொன்னேன். ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறீர்களா. வெளியே தெரியாமல் வீட்டில் ஏதாவது செய்யும் பழக்கம் உண்டா.

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"ராத்திரியில மோட்டாரே போடறதில்லைன்னாரு. சம்பந்தமில்லாத பதில்."

"கேக்கறப்ப நீ எங்க பாத்துட்டிருந்தே?"

"மொகத்தைப் பாக்கக் கூடாது. அதனால மேல பாத்தேன்."

"மேல என்ன இருந்துச்சு?"

மேலே கரண்டுக் கம்பம் இருந்தது. அதிலிருந்து ஒரு வயர் காட்டுக்குள் இருந்த அவருடைய சாளை வீட்டுக்குள் போனது. நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தங்கச்சி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. அந்த நாளில் எங்கள் பக்கத்தில் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்டு திருடாத சாளை குறைவு. பேன்ட்டும் பையுமாக ஒருவன் வந்து, அண்ணாந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டே ராத்திரி என்ன செய்கிறாய் என்று கேட்டால் கரண்டு ஆபீஸ்காரன்தான். அவனிடம் யாராக இருந்தாலும் பெற்ற அப்பனையே பழக்கமில்லை என்பார்கள்.

"இவன் ஆய்வுக்குப் போனானா, ரெய்டுக்குப் போனானா?" என்றார் அப்பா.

அடுத்த வாரம் அப்பாவோடு வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பெண்ணின் அண்ணன் என்று அப்பா என்னை அறிமுகம் செய்தார். பக்கத்துக் காட்டுக்காரர் என்னை அடையாளம் கண்டு கொஞ்சம் பின்வாங்கினார். பிறகு விஷயம் புரிந்து வயிறு குலுங்கச் சிரித்தார். மோர் வந்தது. பழக்கமில்லாமல் என்னங்க, சின்னப் பையனிலிருந்து பார்க்கிறேன், தங்கம் என்றார்.

நான் மோரைக் கீழே வைத்தேன். என்னைக் கண்டு பயந்தபோது பழக்கமில்லை என்றவர், பெண் வீட்டார் என்று தெரிந்ததும் தங்கம் என்கிறார். முன்னதை நம்ப முடியாது என்றால் பின்னதை மட்டும் எப்படி நம்புவது? முதலில் பார்த்தது என் பையை, இப்போது பார்ப்பது எங்கள் வேட்டியை. மாப்பிள்ளையை யாருமே பார்க்கவில்லை. தங்கச்சியிடம் போய் என்ன சொல்வது?

நான் கேள்வித்தாளை எடுக்கவில்லை. உங்களுக்கும் அவருக்கும் சண்டையே வந்ததில்லையா என்று மட்டும் கேட்டேன். அப்பா என் காலை மிதித்தார்.

அவர் யோசித்தார். போன வருஷம் தன் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவன் சோளத்தை மேய்ந்துவிட்டது என்றார். நல்ல கதிர். பாதிக் காடு போயிற்று. அவன் வந்து பார்த்தான், மூஞ்சி கறுத்துவிட்டது. எருமையைப் பிடித்துப் போய்த் தன் கட்டுத்தறியில் கட்டினான். அடித்துக் காலை ஒடித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே போனாராம். எருமை தின்றுகொண்டிருந்தது, தவிடும் தண்ணியும் வைத்திருந்தான், என்றார்.

"ஒரு வார்த்தை திட்டலீங்க. கயித்தை அவுத்துக் கையில குடுத்தான். எனக்குத்தான் அங்கே நிக்க முடியலீங்க."

இது புகழ்ச்சிக்காகச் சொன்னதில்லை, அவருக்கே இதில் கொஞ்சம் அவமானம் இருந்தது. அதனால் நம்பினேன். தங்கச்சியிடம் எருமைக் கதையை மட்டும் சொன்னேன். காலை ஒடிக்கவில்லையா என்று இரண்டு தரம் கேட்டாள். அடித்த தழும்பு இருந்ததா என்று கேட்டாள். எருமையைப் போய்ப் பார்க்கவில்லையே என்று நான் விழித்தபோது, சரி போ, பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க என்றாள். ஆவணியில் கல்யாணம் நடந்தது.

அதன் பிறகும் நான் ஆய்வை நிறுத்தவில்லை. மாதம் ஒரு தரம் ஏதாவது சாக்கில் போய் உட்கார்ந்து தங்கச்சியின் கன்னத்தையும் கையையும் நோட்டம் பார்ப்பேன். ஒரு தரம் அவளே முன்கையை நீட்டி, நல்லாப் பாத்துக்கோ, வளையல் தடம்தான் இருக்குது என்றாள்.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். பஸ் கண்டக்டரிடம் சும்மா ஒரு நடை வந்துட்டுப் போகச் சொல்லுங்க என்று சொல்லியனுப்பியிருந்தாள். 'சும்மா' என்றால் சும்மா இருக்காதே என்று பதறிக்கொண்டு போனேன். நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் வீடு என்னவோ போலிருந்தது. துருவிக் கேட்டதும் சொன்னாள்.

"கையெல்லாம் நீட்ட மாட்டாருண்ணா. பேச மாட்டாரு. கோவம் வந்தா வாயை மூடினாரு மூடினதுதான். ரசத்துல உப்பில்லைன்னாலும் சொல்றதில்லை, குடிச்சுட்டுப் போயிடறாரு. நீ ஊரெல்லாம் கேட்டுட்டு வந்தயே, இதைக் கேட்டயா?"

கேட்கவில்லை. கத்துகிறவனைப் பற்றி எத்தனையோ கேள்வி வைத்திருந்தேன். வாயை மூடுகிறவனைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நீ என்ன செய்கிறாய் என்றேன். நானும் பேசறதில்லை என்றாள்.

அப்போது லாரி வந்து நின்றது. மாப்பிள்ளை உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியில் ஏதோ அதிகமாக இருந்தது.

"வாங்க மச்சான். காப்பி குடிச்சீங்களா? சோறு ஆயிருச்சான்னு கேளுங்க."

தங்கச்சி எனக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். "ஆயிருச்சுன்னு சொல்லுண்ணா. கை கழுவச் சொல்லு."

சொன்னேன். சட்டைக்குச் சோப்புப் போட்டாயிற்றா என்று கேட்கச் சொன்னார், கேட்டேன். போட்டாச்சு, பையிலிருந்த சில்லறையை எடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லச் சொன்னாள், சொன்னேன். முட்டைப் பொரியல் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லச் சொன்னபோது, தங்கச்சி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது. அவர் தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பேருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாயில் சோறும் வார்த்தையுமாக மாற்றி மாற்றி எடுத்துப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. என்னை வரச் சொல்லியனுப்பியது தங்கச்சி மட்டும்தானா? திரும்பி வரும்போது பஸ்ஸில் அதே கண்டக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு விசிலை ஊதினார்.