நன்றியுரையாகிப் போன சிவி

ஆய்வுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிப்பது எனக்குப் புதிதில்லை. பட்டம், கட்டுரை, மாநாடு என்று வரிசையாகப் போட்டு அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. இந்த முறை அப்படி விடவில்லை. பட்டியல் வேண்டாம், நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் யாருக்கு என்ன நன்மை, கூட இருந்தவர்களை எப்படி வளர்த்துவிட்டீர்கள், எல்லாவற்றையும் சொந்த வார்த்தையில் கதையாகச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நரேட்டிவ் சிவி, அதாவது கதை வடிவில் எழுதும் தன்விவரக் குறிப்பு என்று அதற்குப் பெயர். கதைதானே, நமக்கு வராதா என்று கொஞ்சம் மிதப்பாகவே உட்கார்ந்தேன்.

மிதப்புக்கு இடமே இல்லாத நேரம் அது. பல்கலைக்கழகத்தில் என் ஒப்பந்தம் முடியவிருந்தது. மானியம் கிடைத்தால், செர்காம் கரையோரச் சேற்றில் கெராங் சிப்பிகள் ஏன் குறைகின்றன என்ற ஆய்வைத் தொடரலாம், மலாக்காவிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் பினாங்குக்கு வேலைக்குப் போகவேண்டும். அப்பா காலமான பிறகு, பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மா அந்த வீட்டை விட்டு வரமாட்டார். பினாங்கு என்ற பேச்சையே நான் வீட்டில் எடுக்கவில்லை. எடுக்கப் பயம்.

எழுதியதைக் காட்டலாம் என்று தோழியைக் கிளேபாங் கடற்கரைக்கு வரச்சொன்னேன். அவளும் எங்கள் துறைதான். இதே மாதிரி எழுதி மானியம் வாங்கியவள். டவுனில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுவாள். தேங்காய் ஷேக்கை உறிஞ்சிக்கொண்டே முழுவதையும் படித்தாள்.

“என்னடி இது? சிவியா, நன்றியுரையா?”

“ஏன், என்ன கொறை?”

“படகு ஓட்டின மலாய்க்கார பாக்சிக் இருக்காரு, லேப் அக்கா இருக்காங்க, ஒன்னோட சூப்பர்வைசர் இருக்காரு, தோட்டத்துப் பள்ளிக்கூட டீச்சர் வரைக்கும் இருக்காங்க. நீ எங்க இருக்க? காண்ட்ராக்ட் முடியப் போவுது லா, நீ இன்னும் எல்லாருக்கும் மாலை போட்டுக்கிட்டு இருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. திரும்ப வாங்கிப் படித்தேன். அவள் சொன்னது சரிதான். வரிக்கு வரி அப்பாவின் குரல் கேட்டது.

அப்பா ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டத்தில் எந்த விழாவானாலும் கடைசியில் நன்றியுரை அவருடையதுதான். கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி, ஆபீஸில் கணக்கெழுதிய கிராணி ஓய்வு பெற்ற விருந்து, எதுவும் விலக்கில்லை. சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு, மைக்கை ஒரு தட்டு தட்டிவிட்டு ஆரம்பிப்பார். மேனேஜரில் தொடங்கி, பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள், பாத்திரம் கழுவிய அக்காமார் வரை ஒருவரையும் விடமாட்டார். ஒரு தடவை ஐஸ் கட்டி கொண்டுவந்த மாமாவை மறந்துவிட்டார். அந்த மாமா அடுத்த திருவிழா வரை எங்கள் வீட்டைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். நன்றியுரை முடிந்தால்தான் பிள்ளைகளுக்குக் கடலைப் பொட்டலம். எப்போது முடிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இப்போது அந்த மைக்கின் இரைச்சலோடு அந்தக் குரலை ஒரே ஒரு முறை கேட்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது.

விழாவுக்கு நாற்காலிகளை ஏற்றி வந்ததும், முடிந்தபின் திரும்பக் கொண்டுபோய் இறக்கியதும் அவர்தான். அதை மட்டும் சொல்லமாட்டார். “நம்மள நாமே சொல்லிக்கிட்டா நல்லாவா இருக்கும்?” என்பார். அங்கே வளர்ந்த எங்கள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. தன்னைப் பற்றிச் சொல்ல வாய் வராது. தப்பித்தவறிச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க உடம்பு கூசும்.

வேறு வழியில்லை, திரும்ப எழுதினேன். முழங்கால் வரை சேற்றில் இறங்கிச் சிப்பி எடுத்தது நான். குஞ்சுச் சிப்பிகளை விடும் இடத்தை மாற்றிப் பார்க்கலாம் என்று மீனவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். விடுமுறைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோயில் மண்டபத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்ததும் நான். அவர்களில் ஒருத்தி இப்போது எங்கள் துறையிலேயே படிக்கிறாள். யாரோ பின்னால் நின்று படிப்பதுபோல் காது சூடானது. பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். வேலையில் இடைவெளி இருந்தால் காரணம் சொல்லவும் என்று ஒரு பகுதி இருந்தது. நோயுற்ற தந்தையைக் கவனித்துக்கொள்ள விடுப்பு எடுத்தேன் என்று அங்கே எழுதினேன். தோழி படித்துவிட்டு, “இப்பதான் ஆளு தெரியுது. அனுப்பு,” என்றாள்.

மானியம் கிடைத்தது. சமையலறைக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப பினாங்குக்குப் போவலையா?”

யார் வழியாகவோ அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்சம் அழுதோம். பிறகு நான் என்ன எழுதினேன் என்று தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

“அப்பாவப் பத்தி ஒன்னும் எழுதலையா?”

“எழுதினேம்மா. ஒரு வரி.”

“என்னன்னு?”

“அவருக்கு முடியாம இருந்தப்ப நான் பாத்துக்கிட்டேன்னு.”

அம்மா அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தார். குறை சொல்வதுபோல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“அவரு ஒன்னப் பாத்துக்கிட்டத எழுத அதுல எடம் இல்லையா?”

“இல்லம்மா,” என்றேன்.