அறுத்த கருகமணி

நாகவள்ளி இறந்துவிட்டாள் என்று போன வாரம் செய்தி வந்தது. மஞ்சள் காமாலையாம். ஐம்பதைத் தொட்டிருக்க மாட்டாள். குவைத்தில், மங்காஃபில் அவள் இருந்த சில மாதங்கள்தான் எனக்குத் தெரியும்.

தொண்ணூற்றாறில் எங்கள் எதிர் ஃபிளாட்டில் கீழக்கரைக்காரர்கள் இருந்தார்கள். வீட்டுக்காரி நஸீராவுக்கு முழங்கால் வலி. வேலைக்கு ஆள் வேண்டுமென்று நாகவள்ளியைத் திருச்சிப் பக்கமிருந்து வரவழைத்தார்கள். நரிக்குறவர் பெண். பாசிமணி கோத்து, பழனி, சமயபுரம், வேளாங்கண்ணி என்று திருவிழா திருவிழாவாக நடந்து விற்று வளர்ந்தவள். மூன்றாவது மாடியில் அடைபட்டதும் அவள் கால்கள் அவளிடம் நிற்கவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைப்பாள். சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடப்பாள்.

"செத்த உட்காரேண்டி, எனக்குத் தலை சுத்துது" என்பாள் நஸீரா.

"உக்காந்தா உடம்பு எரியுதும்மா."

ஒரு மத்தியானம் நஸீரா தூங்கி எழுந்தபோது ஹாலில் தொங்கிய மணித்திரையைக் காணோம். மணிகள் தரையில் குவிந்து கிடந்தன. நாகவள்ளி கால் பெருவிரலில் நூலை மாட்டி, விறைப்பாக இழுத்துப் பிடித்துக் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அல்லாவே! துபாயில வாங்குனதுடீ!"

"எவனோ கோக்கத் தெரியாதவன் கோத்திருக்கான்மா. பச்சைக்குப் பக்கத்துல பச்சையே போட்டு வெச்சிருக்கான், சாணி மொழுகுன மாதிரி."

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்து நாறியது. அவள் எழுந்திருக்கவில்லை. அவிழ்த்த மணியைக் கோத்து முடிச்சுப் போடாமல் எழுந்தால், அந்த மணி போய்ச் சேருகிற வீடு விளங்காது என்பது அவள் வீட்டு வழக்கம். சாயங்காலம் திரை நீலமும் பச்சையுமாக, மயில் கழுத்துபோல இறங்கியது. நஸீரா அவளைத் திட்டிக்கொண்டே, வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

நஸீராவின் மகள் ருமைஸாவுக்கு அந்த ஆண்டே நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு பக்கத்தில் ஃபஹாஹீல். எங்களுக்குத் தாலி எப்படியோ, அப்படி அவர்களுக்குக் கருகமணி. கறுப்பு மணிச்சரம். மாப்பிள்ளையின் தாய் கையால் பெண்ணின் கழுத்தில் ஏறும். கணவன் இறந்தால்தான் இறங்கும்.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளையின் தாய் உம்மு சல்மா, துணிமணிகளோடு அந்தச் சரத்தையும் காட்டிப்போகக் கொண்டுவந்தார். நானும் போயிருந்தேன். தேநீர்த் தட்டோடு வந்த நாகவள்ளி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சரத்தைக் கையில் எடுத்தாள். நகத்தால் நூலை நெருடிப் பார்த்தாள். பிறகு வாயில் வைத்து ஒரே கடி. மணிகள் தட்டில் கொட்டின.

நஸீரா அலறிவிட்டாள்.

"நூல் இத்துப்போயிருக்கும்மா. கழுத்துல ஏறுன பொறவு அறுந்தாத்தானே பொல்லாப்பு? ஏறாத மணிக்கு என்னா?" என்றபடி நாகவள்ளி அங்கேயே கோக்க உட்கார்ந்தாள்.

"தொடாதே!" உம்மு சல்மா மணிகளைக் கைக்குட்டையில் அள்ளி முடிந்துகொண்டார். "சகுனம் பார்க்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும் நஸீரா. நாளைக்கு என் மகனுக்கு ஒரு தலைவலி வந்தா, ஊரு வாயை எதைக்கொண்டு அடைப்பே? நிக்காஹ்வைப் பத்தி யோசிச்சுச் சொல்றேன்."

தேநீரைத் தொடாமல் போய்விட்டார். ருமைஸா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாகவள்ளிக்கு மறுநாள் ராத்திரி விமானத்துக்கே டிக்கெட் போட்டார்கள். அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சாப்பிடவும் இல்லை.

"அந்தப் புள்ள வாழ்க்கை துணியில முடிஞ்சு கெடக்குதுக்கா. நான்தானே அவுத்தேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலையில் அவளைக் காணோம். கையில் அடையாள அட்டைகூடக் கிடையாது. போலீஸ் பார்த்தால் வண்டியில் ஏற்றிவிடும். நானும் என் கணவரும் காரில் தேடிக்கொண்டு போனோம். எங்கே போயிருப்பாள் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

நஸீராவோடு ஒருமுறை வந்த வழியை அவள் கால்கள் மறக்கவில்லை. ஃபஹாஹீலில் உம்மு சல்மாவின் ஃபிளாட் வாசலை மறித்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெருவிரலில் நூல் மாட்டியிருந்தது. மணி ஒன்றுகூட இல்லை.

"எழுந்திரு. எல்லாரும் பார்க்குறாங்க" என்றார் உம்மு சல்மா, பாதி திறந்த கதவுக்குப் பின்னாலிருந்து.

"பாக்கட்டும்மா. மணியக் குடுங்க, எழுந்திருச்சுடறேன்."

"குடுக்கலேன்னா?"

"இங்கனயே கெடப்பேன். மாப்பிள்ளை வூட்டுக்காரங்க, பெரிய மனுசங்க, என்னைத் தாண்டித் தாண்டிப் போய்க்கங்க."

உம்மு சல்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "அறுத்தவ கையால கோத்ததை எப்படிடி நான் அந்தப் புள்ளைக்குக் கட்டுவேன்?"

"நீங்களே கோத்துக்கங்க. நான் நூலை மட்டும் புடிச்சுக்கறேன்."

உம்மு சல்மா கதவை முழுதாகத் திறந்தார். பிறகு உள்ளே கூப்பிட்டார். இருவரும் கம்பளத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். உம்மு சல்மா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு மணியாகக் கோத்தார். மணி நழுவும்போதெல்லாம் நாகவள்ளியின் கை தானாக முன்னால் பாய்ந்தது. கடைசியில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கால் பெருவிரல் மட்டும் நூலை விறைப்பாகப் பிடித்திருந்தது. அவள் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசி மணியும் ஏறியது. உம்மு சல்மா நூலின் இரு முனைகளையும் பிடித்தபடி அவளையே பார்த்தார். பிறகு முனைகளை அவள் பக்கம் நீட்டினார்.

"கெட்டியாப் போடு."

நாகவள்ளி முடிச்சுப் போட்டுப் பல்லால் இறுக்கினாள். சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நிக்காஹ்தான்னு நஸீராகிட்ட சொல்லிடுங்க" என்றார் உம்மு சல்மா என்னிடம்.

நஸீரா டிக்கெட்டை ரத்து செய்யவில்லை. அன்று ராத்திரியே நாகவள்ளி விமானம் ஏறினாள். நிக்காஹ்வை அவள் பார்க்கவில்லை.

அன்று காலையில், அவளை ஏற்றிக்கொண்டு ஃபஹாஹீலிலிருந்து திரும்பும்போது, கார் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். "அக்கா, இங்கயே எறக்கி விடுங்க, நான் நடந்து வரேன்" என்றாள்.

"போலீஸ் பிடிச்சா?"

"அவங்க வண்டியத் திருப்பறதுக்குள்ள நான் போயிடுவேன்க்கா" என்று அதற்குள் கதவுப்பிடியில் கை வைத்துவிட்டாள்.